முப்பத்தைந்துக்கு வந்த கடல்

"ஒன்பதா? கடலுக்கு ஒன்பதா?"

பரிசோதகர் மீட்டரின் தலையில் ஒரு தட்டு தட்டினார். பாட்டிலில் இருந்த கடல்நீருக்கு அது உப்பளவு முப்பத்தைந்து காட்ட வேண்டும். பத்து வருடமாக நாள் தவறாமல் அதைத்தான் பதிவேட்டில் எழுதி வருகிறார். பதினோரு மணிக்குத் தலைமை அதிகாரி வருகிறார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டால் பதவி உயர்வு. இல்லாவிட்டால் சாகும்வரை இதே ஸ்டூல்தான்.

பேட்டரியை மாற்றினார். ஒன்பது. தண்ணீரில் முக்கும் மின்முனையைக் கழுவித் துடைத்தார். சனியன், அப்போதும் ஒன்பது.

"சார், நிஜமாவே ஒன்பதா இருந்தா?" என்றாள் உதவியாளர். "டிரைவரை அனுப்பி இன்னொரு பாட்டில் எடுத்துட்டு வரச் சொல்லலாமே?"

"கடல் தப்பு பண்ணலாம்மா. என் ரெஜிஸ்டர் தப்பு பண்ணாது. கேன்டீன்ல உப்பு வாங்கிட்டு வா!"

ஒரு கைப்பிடி போட்டார். ஐம்பத்தெட்டு! பதறிப்போய் எல்லாவற்றையும் வாளியில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டார். இருபது.

"போதும் சார், விட்டுடுங்க."

"நீ சும்மா இரு!"

மறுபடி உப்பு, மறுபடி தண்ணீர். வாளி தளும்பும்போது மீட்டர் மனமிரங்கி முப்பத்தைந்து காட்டியது. அதே நேரம் அதிகாரியும் உள்ளே வந்தார்.

"சாம்பிள் ஒரு பாட்டில்தானே? ஏன் ஒரு வாளி?"

"ஒரு ஆர்வந்தான் மேடம்."

அதிகாரி மீட்டரைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார்.

"அடேயப்பா! பத்து வருஷமா ஒரு புள்ளி கூட மாறலையே! கொட்டற மழையிலயும் முப்பத்தஞ்சா?"

"நம்ம கடல் சொன்ன பேச்சு கேக்கும் மேடம்," என்று குழைந்தார் பரிசோதகர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "தினமும் கடலுக்குப் போய்த் தண்ணி எடுக்கறது யாரு? அவரையும் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை பாராட்டணும்."

டிரைவர் வந்தார். அதிகாரியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பக்கத்தில் பிரிந்து கிடந்த உப்புப் பாக்கெட்டைப் பார்த்தார். கும்பிட்டார்.

"மன்னிச்சுடுங்கம்மா! வீட்டுக் குழாய்ல புடிச்சாலும் தினமும் அளந்துதான் போடுவேன், இன்னிக்குன்னு பாத்து கொஞ்சம் போட்டதுமே வீட்ல உப்பு தீந்துபோச்சு!"