டைனமோ செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

மனைவிக்கு வேன் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில்லை என்று நிரஞ்சன் முடிவெடுத்தான். உறுதியான முடிவு. யார் வந்து கெஞ்சினாலும் மாறாத முடிவு. மனைவியிடம் சொல்ல மட்டும் தைரியம் வராத முடிவு.

டிக்கோயாவில் மேட்டுப் பக்கம் அவன் வீடு. ஹட்டன் பள்ளிக்கூடங்களுக்குப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பழைய டீசல் வேன் ஒன்று வைத்திருந்தான். வீட்டில் சமைப்பது, தைப்பது, தீர்மானிப்பது எல்லாம் மனைவி பிரேமினி. ஸ்டியரிங் ஒன்றுதான் அவன் கையில் மிச்சம். அதையும் பழகப்போவதாக அவள், பழகுகிறவர்கள் கட்டும் எல் போட் வாங்கி வந்து நின்றாள்.

போன ஞாயிறு முதல் பாடம் நடந்தது. தப்பு அங்கேதான் நடந்தது. பிரேமினி கியர் மாற்றியதே அவனுக்குத் தெரியவில்லை, அத்தனை மெதுவாக மாற்றினாள். பக்கத்து வீட்டுப் பொன்னையா அதைப் பார்த்துவிட்டார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கரண்ட் வேலை பார்த்த மனிதர். குரலும் மெஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல்.

"தம்பி, தங்கச்சி ஓட்டுனா வேன் சிரிக்குது! நீ ஓட்டுனாத்தான் அழுவுது!"

வரிசையாக எட்டு வீடுகள் சிரித்தன. அன்றைக்கு எடுத்ததுதான் அந்த முடிவு.

சனிக்கிழமை மாலை, வேனின் இடது பக்க முன் சீட்டைத் தூக்கினான் நிரஞ்சன். சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். அதன் ஓரத்தில் டைனமோ, டைனமோவின் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு பிளக். அதைக் கழற்றினான். இனி டைனமோ சுற்றும், ஆனால் பெட்டரிக்கு ஒரு சொட்டுக் கரண்ட் ஏறாது. பிறகு பனிமூட்டத்தில் தலவாக்கலை வரை போய் வந்தான். பெரிய லைட், வைப்பர், ரேடியோ எல்லாவற்றையும் போட்டுக்கொண்டே போய் வந்தான். வேலை ஒன்றும் இல்லை. பெட்டரியைக் காலி பண்ணுவதுதான் வேலை.

ஞாயிறு காலை பிரேமினி எல் போட்டைக் கட்டிவிட்டு வந்து நின்றாள். நிரஞ்சன் சாவியைத் திருப்பினான்.

கிர்ர்... கிர்... டிக்.

"அடடா!" என்றான். நேற்றே கண்ணாடி முன்னால் பழகி வைத்த அடடா. "டைனமோ செத்துப்போச்சு பிரேமினி. சாமான் கொழும்புல இருந்துதான் வரணும். ரெண்டு மாசமாவது ஆகும்."

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ சீட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"டைனமோன்னா என்னாங்க?"

நிரஞ்சனுக்கு நெஞ்சு விரிந்தது. "பெட்டரின்னா தண்ணித் தொட்டி மாதிரி. ஸ்டார்ட் பண்ண, லைட் போட, எல்லாத்துக்கும் அதுல இருந்துதான் எடுக்கிறோம். டைனமோதான் பம்பு. எஞ்சின் ஓடுறப்ப தொட்டிய நெரப்பிக்கிட்டே இருக்கும்."

"அப்ப தொட்டி ஓட்டையா, பம்பு செத்துச்சான்னு எப்புடித் தெரியும்?"

"அது... மீட்டர் வச்சுப் பாக்கணும். கராஜ் ஆளுங்ககிட்டதான் இருக்கும்."

"பொன்னையாண்ணே!" என்று கூப்பிட்டாள் பிரேமினி. "உங்க மீட்டரக் கொஞ்சம் கொண்டாங்க!"

பொன்னையா மீட்டரோடு வந்தார். காத்திருந்தவர் மாதிரியே வந்தார். பெட்டரியின் இரண்டு முனையிலும் வயர்களை வைத்தார். "பதினொன்னு தசம் எட்டு வோல்ட். நல்ல பெட்டரின்னா பன்னெண்டரைக்கு மேல காட்டணும் தங்கச்சி. தொட்டி காலி. ஆனா பம்பப் பாக்கணும்னா எஞ்சின் ஓடணுமே?"

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்" என்றாள். "நீங்க தள்ளுங்க, நான் உள்ள உக்காந்துக்கிறேன்."

"நீயா?"

"எனக்குத் தள்ளப் பெலன் இல்லீங்க."

நிரஞ்சனும் அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று பேரும் தள்ளினார்கள். இறக்கத்தில் வேன் உருண்டது. இரண்டாம் கியரில் கிளட்சை விட்டாள். ஒரு உதறல், எஞ்சின் பிடித்துக்கொண்டது. கீழே ரோட்டோரச் சமதரையில் வேனை நிறுத்தி, ஓடவிட்டே இறங்கினாள். பொன்னையா மறுபடி மீட்டரை வைத்தார்.

"ஓடுறப்ப பதினாலு கிட்ட ஏறணும். இது பதினொன்னு தசம் ஏழு."

"பாத்தியா!" நிரஞ்சன் துள்ளினான். "நான்தான் சொன்னேனே! பம்பு அவுட்! ரெண்டு மாசம்!"

"பொறுங்க. பம்ப சுத்துறது யாரு?"

"பெல்ட்" என்றார் பொன்னையா. எஞ்சினை அணைக்கச் சொல்லி, பெல்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "பெல்ட் இறுக்கமாத்தான் இருக்கு. தம்பி மூஞ்சி மாதிரியே."

பிரேமினி சாவியைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் டேஷ்போட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சட்டைக்குக் கை சரியாக வராதபோது துணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஏங்க, போன கிழமை சாவி போட்டதும் இங்க செவப்பா ஒரு பெட்டரிப் படம் எரிஞ்சுச்சு. ஸ்டார்ட் பண்ணுனதும் அணைஞ்சிருச்சு. இன்னைக்கு எரியவே இல்லையே?"

பொன்னையா நிமிர்ந்தார். "அப்புடியா? டைனமோல இருந்து வர்ற வயர்தான் அந்த லைட்ட எரிய வைக்கிறது. லைட்டே எரியலன்னா, முதல்ல வயரத்தான் பாக்கணும்."

"பல்பு போயிருக்கும்!" என்றான் நிரஞ்சன். அவசரமாக.

"பாத்துருவோமே" என்று சீட்டுக்கு அடியில் கையை விட்டாள்.

"கை சுட்டுரும்!"

"சுடல." கை வெளியே வந்தபோது அதில் பிளக் இருந்தது. "இது தொங்கிக்கிட்டு இருந்துச்சுங்க."

தள்ள வந்த மூன்று பேரும் கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"எலி" என்றான் நிரஞ்சன்.

பிரேமினி பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்த நாக்க அமுக்கிக்கிட்டே இழுத்தாத்தானே கழலுது? எலிக்குக் கட்டைவிரல் இருக்கா அண்ணே?"

"நம்ம பக்கத்து எலிக்கு இருக்கும் போல" என்றார் பொன்னையா, நிரஞ்சனின் கையைப் பார்த்துக்கொண்டே.

பிளக்கை மாட்டினாள். டக் என்றது. சாவியைப் போட்டாள், சிவப்பு லைட் எரிந்தது. மறுபடி தள்ள வேண்டும். இந்த முறை இறக்கமும் இல்லை, உதவிக்கு வந்த மூன்று பேருக்கும் சிரிப்பில் பலமும் இல்லை. முக்கால்வாசி வேனை நிரஞ்சன் ஒருத்தனே தள்ளினான். எஞ்சின் பிடித்ததும் லைட் அணைந்தது.

"பதினாலு தசம் ரெண்டு!" பொன்னையா கூவினார். "ஆனா தங்கச்சி, தொட்டி காலியாக் கெடக்கு. ஒரு மணி நேரமாவது நிறுத்தாம ஓட்டணும். இப்ப நிறுத்துனா நாளைக்குக் காலையில பதினாலு பிள்ளைகளும் இறங்கித் தள்ளணும்."

"ஓட்டிட்டாப் போச்சு" என்றாள் பிரேமினி, இருந்த சீட்டிலேயே இருந்துகொண்டு. "ஏறுங்க."

ஓடுகிற எஞ்சினை அணைக்க முடியாது. அவளை இறங்கச் சொல்ல வாய் வராது. வேன் சார்ஜ் ஆகத் தொடங்கிய நிமிஷம் வீட்டுச் சார்ஜ் முழுவதும் கைமாறிவிட்டது. நிரஞ்சன் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினான்.

நோர்வூட் ரோட்டில் வளைவுகள் வந்தன. எதிரே பஸ் வந்தது. பிரேமினி ஓரம் கட்டி வழிவிட்டு, மறுபடி எடுத்தாள். நிரஞ்சன் பிரேக் இல்லாத இடத்தில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தான். பாதி வழியில் மனசு பொறுக்கவில்லை.

"பிரேமினி... அந்தப் பிளக்கு..."

"தெரியுங்க. நேத்து நீங்க கழட்டுறப்ப ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாத்தியா? அப்ப காலையிலேயே மாட்டியிருக்கலாமே! எதுக்கு இத்தன கேள்வி, மீட்டரு, பொன்னையாண்ணன்? என்னைய ரெண்டு தரம் தள்ளவும் வச்சியே!"

"சீட்டுக்கு அடியில என்னா இருக்குன்னு கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து கேக்கிறேன். ஒருநாளாவது சொன்னீங்களா? இன்னைக்குத்தான் வாய் நிறையச் சொல்லிக் குடுத்தீங்க." கியரை மாற்றினாள். வேன் சிணுங்கக்கூட இல்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம கியர் பொக்ஸ்ல ஏதாவது கழட்டி வைங்களேன். அதப்பத்தி எனக்கு ஒன்னுமே தெரியாது."