சோதனை பாஸ் போட்ட டார்ச்

திண்டுக்கல்லில் அவர் சோதித்துப் பார்க்காத பொருள் மலைக்கோட்டை ஒன்றுதான். அதுவும் விலைக்கு வராததால்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. எங்கள் தெருவில் ‘சோதனை’ என்றால்தான் தெரியும். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குடை வாங்கப் போனால் கடைக்காரரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்பார். “மழை பெய்யும்போது வாங்க அண்ணாச்சி” என்று ஒரு கடைக்காரர் கேலியாகச் சொல்ல, நிஜமாகவே ஒரு மழை நாளில் போய், அந்தக் குடையை விரித்து வீடு வரை நடந்து, திரும்பவும் கடைக்குப் போய், “சரி, பில் போடு” என்றார். மெத்தைக் கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்தவர், டீ நேரத்துக்குத்தான் எழுந்தார். “முதுகு சுடுதுப்பா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் புதுப் பூட்டு வாங்கியவர், தெருவில் உள்ள அத்தனை வீட்டுச் சாவிகளையும் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தார். எதிர் வீட்டுச் சாவிக்குப் பூட்டு திறந்துகொண்டது. அவர் பூட்டை மாற்றினார். எதிர் வீட்டுக்காரரும் பயந்துபோய்த் தன் பூட்டை மாற்றினார்.

இந்தக் குணம் கல்யாணத்தன்றே அவரைக் கவிழ்த்துவிட்டது. பெண்ணின் தம்பி மேடையில் மோதிரம் போட்டார். மாப்பிள்ளை மடியிலிருந்து உரைகல்லை எடுத்து, அங்கேயே உரசிப் பார்த்தார். தங்கத்தில் குறை இல்லை. மைத்துனர்தான் கறுத்துப்போனார்.

மைத்துனருக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம் கத்தரியும் செண்டுமல்லியுமாக வெள்ளாமை. வருஷா வருஷம் அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவார். அரிசி, கரும்பு, மஞ்சள்கொத்து எல்லாவற்றையும் வாசலில் வைத்தே அக்கா கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிடுவார். அந்த வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அக்காவும் வற்புறுத்தி அலுத்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் போன் செய்தார். சோதனை மூச்சு வாங்க என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“சார், அவன் என்னைய மாமான்னு கூப்ட்டான் சார்.”

“என்ன விஷயமாம்?”

“விடியக்காலந்தான் த்ரீ பேஸ் கரண்டு விடுறானாம். மோட்டார் போடப் போகணுமாம். வரப்புல பூச்சி பொட்டு கிடக்குதாம். ‘நீங்களே ஒரு நல்ல டார்ச்சா பாத்து வாங்கி வைங்க மாமா’ங்கிறான். இம்புட்டு வருசத்துல அவன் எங்கிட்ட கேட்ட மொத சாமான் சார்.”

மறுநாளே டார்ச் வந்துவிட்டது. தலையை முன்னால் இழுத்தால் வெளிச்சம் குவியும், பின்னால் தள்ளினால் விரியும். பெட்டியில் ஒரு கிலோமீட்டர் தூரம் அடிக்கும் என்று போட்டிருந்தது.

“அம்புட்டுத் தூரம் போயி பாத்தது யாரு?” என்றார் சோதனை. பிறகு குவித்து என் வீட்டுச் சுவரில் அடித்தார். “இங்க பாருங்க, கட்டமா விழுது. கெணத்த எட்டிப் பாக்கவா, கேரம் போர்டு ஆடவா?”

ஆனாலும் முடிவை அவரே சொல்ல மாட்டார். அதற்கு ஒரு கொள்கை வைத்திருந்தார். “காசு குடுத்தவன் கண்ண நம்பக் கூடாது சார். நல்லாருக்குன்னுதான் சொல்லும். நீங்க காலேஜ்ல வெளிச்சத்தப் பத்தியே பாடம் எடுத்தவரு. நீங்க பாத்துச் சொல்லுங்க, அதான் சரி.”

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்போதே என் இரண்டு கண்ணிலும் புகை படர்ந்திருந்தது. பேப்பரில் தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் செய்தி முழுவதையும் படித்தவன் போல மடித்து வைப்பேன். மனைவிக்குக்கூடத் தெரியாது. மாணவர்களுக்கு ஒளியியல் நடத்தியவன் வெளிச்சம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

இருட்டியதும் சோதனை கம்பத்தில் ஏறாத குறையாக எட்டிச் சுவிட்சைத் தட்டித் தெருவிளக்கை அணைத்தார். பக்கத்து வாசலிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. “லைட்ட அமத்துனது யாரு, சோதனையா? சீக்கிரம் முடிங்க, வாசல்ல மாவு ஆட்டிக்கிட்டு இருக்கேன்.”

டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு அவர் தெருவின் அந்தக் கோடிக்குப் போனார். குவித்து அடித்தேன். வெள்ளையாக ஏதோ ஆடியது. அது அவர் வேட்டி என்று ஊகித்தேன்.

“கையில என்ன சார்?”

அவர் சாயங்காலம் கொண்டுவந்த பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. “முருங்கக்காய்.”

“இப்ப விரிச்சு அடிங்க. தரையில?”

மோட்டார் ஓஸ் குழாயை அவர் இழுத்துப்போன சத்தம் காதில் விழுந்திருந்தது. “ஓஸ் கிடக்கு.”

“எங்கிட்டு வளைஞ்சிருக்கு?”

“இடது பக்கம்.” குருட்டாம்போக்கில்தான் சொன்னேன்.

“பாஸ்” என்று அங்கிருந்தே சொன்னார். டார்ச் மறுநாள் ரெட்டியார்சத்திரம் போனது.

அந்த வாரமே மைத்துனர் வாய்க்காலில் விழுந்தார். கால் வீங்கியதோடு போயிற்று. அவர் போன் செய்தபோது நான் சோதனை வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“குடைக்கும் மெத்தைக்கும் சோதனை வச்ச மனுசன், எனக்கு மட்டும் சோதிக்காமக் குடுத்திருக்கீக. குவிச்சா அடுத்த காட்டுத் தென்னமரம் தெரியுது, என் காலு தெரியல. விரிச்சா ஒண்ணுமே தெரியல.”

சோதனை என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

“ஆமா மாப்ள” என்றார் அவர். “சோதிக்கல. அவசரத்துல வாங்கிட்டேன்.”

டார்ச் திரும்பி வந்தது. அன்று மாலையும் என்னை அதே இடத்தில் நிறுத்தித் தரையில் என்ன என்று கேட்டார். ஓஸ், இடது பக்கம் என்றேன். பிறகு, “சரி சார்” என்று மட்டும் சொல்லித் தெருவிளக்கைப் போட்டுவிட்டார்.

அந்தப் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. சோதனையின் மனைவி மதியம் வரை வாசலில் நின்றார். ஒவ்வொரு ஆட்டோவுக்கும் எட்டிப் பார்த்தார். என் கண்ணுக்கு அவர் சேலை நிறம்தான் தெரிந்தது. நிற்பது ஏன் என்பது நன்றாகவே தெரிந்தது. நான் உள்ளே போய்க் கரும்பு தின்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பொங்கல் கழிந்து சோதனை வந்தார். “ஒரு கண் முகாம் போட்டிருக்காங்க சார். ஒழுங்காப் பாக்குறாங்களான்னு சோதிக்கணும். என் கண்ணு ஒண்ணு பத்தாது, நீங்களும் வாங்க.”

முகாமில், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்ன டாக்டரிடம், “மொதல்ல நீங்க படிங்க” என்றார். டாக்டர் படித்தும் காட்டினார். அடுத்து என் முறை. பலகை எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. ஒவ்வொரு கண்ணாக ஆபரேஷன் முடிந்து வீடு வரும்வரை சோதனைதான் கூட இருந்தார்.

புதுக் கண்ணோடு அந்த டார்ச்சை வாங்கி இருட்டில் அடித்துப் பார்த்தேன். மைத்துனர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. நேரே சோதனை வீட்டுக்குப் போய், அன்று நான் எதையும் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

“தெரியும் சார். ரெண்டாவது தடவ நான் ஓஸே போடல.”

“அப்பவாவது உங்க மச்சினன்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“அவன் பேசாம இருக்குறது எனக்குப் பழகிருச்சு. நீங்களும் பேசாமப் போயிட்டா, சாயங்காலம் நான் யாரு வீட்டுக்குப் போறது?”

மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்து ரெட்டியார்சத்திரம் போனேன். மைத்துனர் கத்தரித் தோட்டத்தில் இருந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

“சோதிக்காமக் குடுத்தாராம். அத நம்ப நான் என்ன பச்சப்புள்ளையா சார்? மோதிரத்தயே மேடையில வச்சு உரசுன ஆளு. யாரையோ காப்பாத்துறாருன்னு அன்னிக்கே தெரியும். அந்த யாரோ எனக்கும் மேலயான்னுதான் கோவம்.”

அவர் என் கண்களை உற்றுப் பார்த்தார். “ஆபரேசன் நல்லா பண்ணியிருக்காங்களா?” என்று கேட்டபடியே போனை எடுத்தார். “மாமா, உங்க சார் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழம சீரோட வாரேன். அக்காவ சோறாக்கச் சொல்லுங்க. சாப்ட்டுத்தான் போவேன்.”

திண்டுக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினால், சோதனை நின்றுகொண்டிருந்தார். சந்தோஷத்தில் கட்டிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததே இல்லை.

“அவன் வரட்டும், சாப்பிடட்டும், அது கிடக்கட்டும். காலேஜ் வாத்தியாரு கண்ணு தெரியாம பொய் சொன்னாருன்னு நீங்களே போயி சொல்லிட்டு வந்திருக்கீங்களே. உங்க மரியாத என்னத்துக்காகும் சார்?”

எனக்கு அப்படி ஒன்று மிச்சம் இருப்பதாக இன்றுவரை நம்புகிற மனிதர் அவர் ஒருவர்தான்.