பொட்டி கெட்டால் போன் வரும்

டிரேடிங் கம்ப்யூட்டருக்கு ஏன் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்பவர்களிடம், வைரஸ் வராது, வேகமாக ஓடும், இலவசம் என்று இத்தனை நாளும் வாய் கூசாமல் சொல்லிவந்திருக்கிறேன். அத்தனையும் புளுகு. (லினக்ஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். நான் அதற்காக எடுக்கவில்லை.) எனக்குச் சுத்தமாகப் புரியாத, அடிக்கடி மக்கர் பண்ணக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது. மக்கர் பண்ணினால்தான் மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் என்னோடு நாலு வார்த்தை பேசுவார்.

அவர் பெயர் தனசேகர். பாகூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார். கடை படுத்துவிட்டது. மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனார். நான் கிருமாம்பாக்கம் வீட்டில் மாமியாரோடு இருந்தபடி பங்குச்சந்தையில் வாங்கி விற்கக் கற்றுக்கொண்டேன். சுமாராக ஓடியது. லீவில் வந்தவர் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது சொன்னார்:

"அம்சா, இந்தப் பொட்டியும் நின்னு ஓடணும், உன் டிரேடிங்கும் நின்னு ஓடணும். ஓடிச்சின்னா இந்தக் கான்ட்ராக்டோட நான் வந்துடறேன். அப்புறம் எங்கியும் போவல."

எனக்கு வேறென்ன வேண்டும்? பொட்டியைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவள் நான். ஆனால் அவர் வருவது எப்போதோ. அவர் குரல் இன்றைக்கே வேண்டியிருந்தது.

சாயங்காலமானால் போன் வரத்தான் செய்யும். முதலில் மாமியார் வாங்குவார். மூட்டுவலி, மாட்டுத் தீவனம், செலியமேட்டுச் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து எல்லாம் பேசி முடித்து, என் கைக்கு வரும்போது போன் சுட்டுக்கொண்டிருக்கும். "சாப்ட்டியா?" என்பார். "ம். நீங்க?" என்பேன். பக்கத்தில் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, வேறென்ன பேசுவது? "சரி, வச்சிடட்டா?" என்பார். (வைக்காதீங்க என்று உள்ளே கதறிக்கொண்டு, வெளியே "ம்" கொட்டிய மூதேவி நான்தான்.)

ஒருநாள் விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. அலறியடித்துச் செய்தி அனுப்பினேன். பட்டப்பகலில், வேலை நேரத்தில், அவரே போன் பண்ணினார். "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்று தொடங்கி, அதை அழுத்து, இதை அழுத்து என்று வெகுநேரம் பேசினார். மாமியார் எட்டிப்பார்த்துவிட்டு, "உங்க இங்கிலீஷு எனக்கு இன்னாத்துக்கு" என்று தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். அன்றைக்குத்தான் எனக்கு வழி தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் லினக்ஸ் ஆசை.

"விண்டோசே போதும்டி. உன் புரோக்கர் சாஃப்ட்வேர் அதுலதான ஓடும்?"

"இல்லங்க, லினக்ஸ்தான் நல்லதாம். அதையும் கூடவே போட்டுக்கறேன். நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

அவரும் நம்பி, ஒரே பொட்டியில் இரண்டையும் ஏற்றப் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். முழுசையும் நகல் எடுத்துவைக்கத் தனியாக ஒரு பேக்கப் டிஸ்க், கரண்ட் போனால் யூபிஎஸ் என்று எல்லாவற்றையும் விளக்கினார். புரிந்ததையும் புரியவில்லை என்றேன். கல்யாணமான புதிதில்கூட எங்களுக்கு அப்படி ஒரு தேனிலவு வாய்க்கவில்லை.

எல்லாம் ஏற்றி முடித்ததும் பேச்சு மறுபடி "சாப்ட்டியா"வுக்கு வந்து நின்றது. நான் சும்மா இருப்பேனா? வயரை லேசாக உருவிவைப்பேன். எது முதலில் திறக்க வேண்டும் என்ற கட்டளையை மாற்றிவைப்பேன். "என்னமோ ஆயிடுச்சிங்க" என்பேன். பாவம், அவர் தன் பொட்டி இவ்வளவு பாடாவதியா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்.

அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் சந்தை திறந்ததும் புரோக்கர் தரும் கடனையும் சேர்த்து, வழக்கத்தைவிடப் பெரிய அளவில் பங்கு வாங்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் விற்கலாம் என்று வைத்திருந்தேன். இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப்லாஸும் போடவில்லை. அன்றைக்கு எங்கள் கல்யாண நாள். அவர் மறந்துவிட்டார் போலிருந்தது. கோபத்தில் பொட்டியில் கைவைத்தேன். இந்தமுறை கொஞ்சம் ஆழமாக.

"விண்டோசு, லினக்சு ரெண்டுமே திறக்கலங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, விடு. மொத்தமா அழிச்சிட்டு பேக்கப்லேர்ந்து திரும்ப ஏத்திடலாம். வாங்கினது எதுவும் விக்காம நிக்கலியே?"

"இல்லங்க" என்றேன். (உண்மையைச் சொன்னால் "மொதல்ல அத விக்கிற வழியப் பாரு" என்று போனை வைத்துவிடுவார்.)

பென்டிரைவ் ஒன்றைச் செருகி, அதன் வழியாக அழித்தோம். அடுத்து நகல் ஏற்ற வேண்டும். "எதுலேர்ந்து எதுக்குன்னு கேக்கும். மேல இருக்கறது பேக்கப் டிஸ்க்கான்னு பாத்து அழுத்து" என்றார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு ஹாரன்.

"அம்சா, அது கடலூர் பஸ்தான? போன கொஞ்சம் வெளிய காட்டேன்."

காட்டினேன். பஸ் போய் ஓய்ந்தது. பிறகு மெல்ல, "இன்னிக்குக் கல்யாண நாளு. காலைலேர்ந்து எப்ப பேசலாம்னே பாத்துகினு இருந்தேன்" என்றார். என் கண் நிறைந்துவிட்டது. திரையில் இருந்தது ஒன்றும் தெரியவில்லை. அழுத்திவிட்டேன்.

"ஏற முக்கா மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் நமக்கு வேலை இல்ல" என்றார். அவர் பேசினார். நான் பேசினேன். ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு ஒன்றாகப் போவோம் என்றார். முன்பு ஒருமுறை அந்தக் கூட்டத்தில் என் செருப்பு தொலைந்து, அவர் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு நடந்ததைச் சொல்லிச் சிரித்தார். நடுநடுவே என் காதில் பீப் பீப் என்றது. புரோக்கர் ஆபீஸ்.

"இன்னா சத்தம்டி?"

"லோன் வேணுமான்னு கேப்பானுங்க, விடுங்க."

போனிலேயே விற்றிருக்கலாமே என்பீர்கள். விற்றிருக்கலாம். அதற்குப் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டுமே!

முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. பொட்டி திறக்கவில்லை. அவர் குரல் மாறியது.

"பேக்கப் டிஸ்க்க ஓப்பன் பண்ணு. உள்ள இன்னா இருக்கு?"

"ஒண்ணும் இல்லங்க."

நகலைப் பொட்டிக்கு ஏற்றுவதற்குப் பதில், அழித்துவைத்த வெறும் பொட்டியை நகலின் மேல் ஏற்றியிருக்கிறேன். அப்போதுதான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். விலை விழுந்துகொண்டே போக, என்னைக் கூப்பிட்டுச் சலித்து, புரோக்கர் ஆபீசிலேயே விற்றுத் தீர்த்திருந்தார்கள். டிரேடிங்கில் போட்டிருந்ததில் அனேகமாக எல்லாம் போச்சு. நான் வயர் உருவிய கதையிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

"வேணும்னேவா கெடுத்த?"

"ம்."

"பேசுங்கன்னு ஒரு வார்த்த சொன்னா பேச மாட்டனாடி, பைத்தியமே?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. கான்ட்ராக்ட் முடிந்ததும், ஊருக்கு வராமல், அடுத்த கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார். அந்த ஆடியில் நானும் மாமியாரும்தான் தேருக்குப் போனோம். நான் கூட்டத்தில் போனைத் தூக்கிப் பிடிக்க, அவர் மஸ்கட்டிலிருந்து பார்த்தார்.

இப்போது வெறும் விண்டோஸ்தான். பேக்கப் இரண்டு இடத்தில். பொட்டி குண்டூசி அளவுகூடத் தொந்தரவு தருவதில்லை. டிரேடிங்கைச் சின்னதாக மறுபடி ஆரம்பித்து, கரையேறிக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் ஒருநாள் காலை பொட்டி திறக்கவில்லை. நான் கைவைக்கவே இல்லை, சத்தியமாக. தேடிப் பார்த்தால் யூபிஎஸ் பிளக் பிடுங்கிக் கிடந்தது. மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எலி இழுத்துக் கீதுடி. அவனுக்குப் போனப் போடு."

"பிளக்க எலி பிடுங்குமா அத்த?"

"சாயங்காலத்துல பேசறப்ப அசதியில உம் கொட்றான். பொட்டி கெட்டாதான் எம்புள்ள நல்லா பேசறான்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும்தான் தவிக்கிறேன் என்று நினைத்திருந்தேனே, எவ்வளவு பெரிய மடச்சி!

அன்று போனை ஸ்பீக்கரில் போட்டு மூவரும் பேசினோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் "எலி வந்துடுச்சி" என்றால் என்ன அர்த்தம் என்று மூவருக்கும் தெரியும்.

போன வாரம், வேலை நேரத்தில், நான் கூப்பிடாமலேயே அவரிடமிருந்து போன்.

"இன்னாங்க இந்நேரத்துல? பொட்டி நல்லாதான் ஓடுது."

"உன் பொட்டி ஓடுதுடி. இங்கதான் எலி வந்துடுச்சி."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், ரோட்டுப் பக்கமாகக் காட்டிக்கொண்டு நின்றேன். கடலூர் பஸ் வரும் நேரம்தான்.