டேவிட்ராஜின் காரில் ஒரு 'ஊய்'

ஆரணியில் இனி எந்த மெக்கானிக் கடைப் படியையும் மிதிப்பதில்லை என்று டேவிட்ராஜ் ஒரு சனிக்கிழமை காலையில் முடிவெடுத்தார். காரில் கேட்கும் அந்த 'ஊய்' சத்தத்தைத் தானே தேடி, தானே பிடித்து, தானே ஒழித்துவிடுவது.

அது லேசுப்பட்ட சத்தம் அல்ல. புதிதாக மாட்டிய ஸ்டீரியோ செட்டில் பாட்டு போட்டால் பாட்டுக்குப் பின்னாலேயே அதுவும் கிளம்பும். வண்டி நின்றால் முனகும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும். வேகம் கூடக் கூட, ஊர்க் கொசுவெல்லாம் ஒரே சுருதியில் கீதம் பாடுவதுபோல 'ஊய்ய்ய்' என்று உச்சிக்குப் போகும். தெள்ளாரிலிருந்து வந்திருந்த மச்சினன் டேனி ஒரு சுற்று ஏறிப் பார்த்துவிட்டு, "இன்னா மாமா, உள்ள கொசு வளக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து டேவிட்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

செட்டை மாட்டிக்கொடுத்த கோகுல்ராஜோ, "எல்லாத்தையும் கழட்டிப் பாக்கணும்ணா. இப்ப கைல நெறய வேல. அப்பால பாக்கலாம்" என்று சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில் அந்தச் செட்டு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டேவிட்ராஜ் ஒரு பட்டுக்கடைக்காக முள்ளிப்பட்டு கிராமத்துத் தறிகளுக்கு நூலும் ஜரிகையும் கொடுத்துப் புடவை வாங்கி வருகிறவர். சமீபத்தில் அவருக்குக் கல்யாண வெள்ளி விழா. மனைவி இவாஞ்சலினுக்கு அசல் வெள்ளி ஜரிகைப் புடவை நெய்து தரப்போவதாக, சர்ச் வாசலில் நாலு பேர் காதில் விழும்படி அறிவித்திருந்தார். பாவு தறியில் ஏறும் நேரத்தில், வெள்ளி விலையைக் கேட்டு மனம் இறங்கிவிட்டது. பிளாஸ்டிக் ஜரிகையும் அதே மாதிரிதான் மின்னியது. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே மின்னியது. மிச்சம் பிடித்ததெல்லாம் காரில் செட்டாகவும் டிக்கியில் சத்தத்தைப் பெருக்கும் ஆம்பாகவும் உட்கார்ந்துகொண்டது. மனைவியிடம், "செட்டு மொதலாளி சந்தோஷமா குடுத்தது" என்றார். வேர்க்கடலை விளைகிற வீட்டில் பிறந்தவளுக்கு ஜரிகையைப் பற்றி என்ன தெரியும் என்பது அவருடைய தைரியம்.

சனிக்கிழமை வேட்டை தொடங்கியது. போன் சார்ஜரைப் பிடுங்கினார். ஊய். பாட்டு வருகிற ஒயரையும் கரண்டு போகிற ஒயரையும் சண்டைபோட்ட சம்பந்திகளைப்போல ஆளுக்கொரு ஓரமாகப் பிரித்துவிட்டார். ஊய். கடைசியில் வீடியோவில் ஒருவர் சொன்னபடி மீட்டர் ஒன்று வாங்கிவந்தார். இரண்டு ஊசி. இரண்டுக்கும் நடுவில் கரண்டு ஓடும்படி இரும்போ செம்போ இருந்தால் 'பீப்' என்று கத்தும். இல்லையென்றால் ஊமை.

பீப் சத்தம் கேட்டு இவாஞ்சலின் வெளியே வந்தாள். பின்னாலேயே பக்கத்து வீட்டுச் சுபலட்சுமி.

"இன்னாங்க இது, குருவி மாதிரி கத்துது?"

"உலோகம் இருந்தா கத்தும். எர்த் சரியா இருக்குதான்னு பாத்துகினு இருக்கறேன்."

"கொலுசுக்குக் கத்துமா?"

"வெள்ளிதானே? செம்பவிட வெள்ளிக்கு ஜோராக் கத்தும்!" என்றார் டேவிட்ராஜ், தெரிந்ததைச் சொல்கிற பெருமையில்.

கொலுசு கத்தியது. சுபலட்சுமியின் வளையல் கத்தியது. கரண்டி கத்தியது. மாவுச் சல்லடை கத்தியது. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளைப்போலச் சிரித்தார்கள். டேவிட்ராஜும் சிரித்தார். அப்போதுதான் சுபலட்சுமி வாயைத் திறந்தாள்.

"அக்கா, உன் புதுப் புடவ அசல் ஜரிகன்னியே. அதுவும் கத்தணுமில்ல?"

டேவிட்ராஜின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பட்டு மேல கரண்டு வச்சா பட்டு செத்துடும்மா" என்றார்.

"இதுல இருக்கறது ரிமோட்டு பேட்டரிணா. எறும்புகூட சாவாது."

"இரு சுபா, எடுத்தாறேன்" என்று இவாஞ்சலின் உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. சுபலட்சுமியின் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவள் அந்தப் பக்கம் ஓடினாள். கர்த்தர் கொடுத்த விசில் அது. டேவிட்ராஜ் மீட்டரின் முதுகைத் திறந்தார், பேட்டரிகளைச் சட்டைப் பையில் போட்டார், மூடினார்.

இவாஞ்சலின் புடவையோடு வந்தாள். ஊசியை வைத்தாள். ஊமை. கொலுசில் வைத்தாள். அதுவும் ஊமை.

"பேட்டரி தீந்துபோச்சி. பேஜாரு பண்ணாதம்மா" என்றார்.

"அப்படிங்களா" என்றாள் அவள். புடவையையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டேவிட்ராஜுக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் மூளையும் வந்தது. டிக்கியில் ஆம்பின் எர்த் ஒயரைப் பார்த்தார். கோகுல்ராஜ் அதைப் பெயின்ட் மேலேயே திருகி வைத்திருந்தான். ஸ்க்ரூவைக் கழற்றி, உப்புத்தாளால் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் ஒயரை இறுக்கினார். வண்டியைக் கிளப்பினார். பாட்டு போட்டார். ஆக்சிலேட்டரை மிதித்தார்.

பாட்டு மட்டும்தான் கேட்டது. கழுவிய கண்ணாடி போன்ற பாட்டு.

"இவா! ஜல்தி வா! சத்தம் போச்சி!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினார்.

இவாஞ்சலின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிவி ரிமோட் முதுகு திறந்து கிடந்தது. மடியில் ஒரு பழைய புடவை. கரையில் ஊசிகளை வைத்தாள். பீப்.

"இது எங்கப்பா எடுத்துக் குடுத்த கல்யாணப் புடவைங்க" என்றாள். புதுப் புடவையில் வைத்தாள். தெருவில் நாய் குரைப்பது நன்றாகக் கேட்டது.

டேவிட்ராஜ் சுவரைப் பார்த்தார். "மீட்டரு... சில நேரம்..."

"இன்னொருவாட்டி வைக்கட்டுமா?"

"வாணாம்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எப்பலேர்ந்து சந்தேகம்?" என்றார்.

"புடவ மேல சந்தேகமே இல்லங்க. நீங்க குடுத்ததாச்சே. ரிமோட்டு பேட்டரிய இதுல மாத்திப் போடலாம்னு மீட்டரத் தெறந்தேன். தீந்துபோன பேட்டரி உள்ளதான இருக்கணும்? உள்ள ஒண்ணுமே இல்ல. அப்பதான் சந்தேகம் வந்துச்சி."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"அந்த ரெண்டையும் ரிமோட்டுல போட்டுடுங்க. சீரியல் வர்ற நேரமாவுது" என்றாள்.

திங்கட்கிழமை செட்டு இறங்கியது. கழற்றுகிற வேலை என்றதும் கோகுல்ராஜ் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றான். காசு கொடுத்து வாங்கிக்கொண்டது டேனி. அவன் காரில் மாட்டியதும் போன் செய்தான். "சூப்பரா பாடுது மாமா! ஒரு கொசுகூட இல்ல."

அந்தக் காசில் வாங்கிய அசல் ஜரிகையைத் தறிக்காரரிடம் கொடுக்க இருவரும் முள்ளிப்பட்டுக்குக் கிளம்பினார்கள். காரில் செட்டு இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. ஜரிகையும் மீட்டரும் இவாஞ்சலினின் கைப்பையில். கடையிலேயே ஒருமுறை வைத்து, பீப் கேட்ட பிறகுதான் பைக்குள் போட்டிருந்தாள்.

ஊரைத் தாண்டியதும் டேவிட்ராஜ் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

"ஊய்ய்ய்" என்று சத்தம் கிளம்பியது.

திடுக்கிட்டு வேகத்தைக் குறைத்தார். சத்தமும் இறங்கியது. மறுபடி மிதித்தார். மறுபடி ஏறியது. திரும்பிப் பார்த்தார். இவாஞ்சலின் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தபடி, வாயைக் குவித்து, வண்டி வேகத்துக்குச் சரியாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தச் சத்தத்துக்கு எர்த் எங்கே கொடுப்பது என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை.