ஐந்து வாரத்தில் ஒரு வருஷம்

"பரங்கிக்காயா?" என்று காய்கறிப் பகுதியில் நின்ற பெண் இரண்டாம் முறையாகக் கேட்டாள். "இது ஜூலை மாசம், சார்."

"தெரியும். எங்க வீட்டுலயும் காலண்டர் இருக்கு," என்றான் டேல்.

"அக்டோபர்ல வாங்க. வாசல்ல மலை மாதிரி குவிச்சு வெச்சிருப்போம்."

"அக்டோபர்ல எனக்கு எதுக்கும்மா பரங்கிக்காய்? அப்போ என் பிள்ளைங்க இங்க இருக்க மாட்டாங்களே."

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நல்ல உருண்டையான தர்பூசணி ஒன்றைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். "ஆரஞ்சு பெயின்ட் அடிச்சுக்குங்க," என்றாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். டேல் நேரே பெயின்ட் கடைக்குப் போனான்.

டேல் டோர்கெல்சன் மினசோட்டாவின் வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறவன். ஐஸ் ஹாக்கி அரங்கில் தளத்தைச் சீவி மழமழவென்று ஆக்கும் வண்டியை ஓட்டுவது அவன் வேலை. மனைவி கெண்ட்ரா விவாகரத்து வாங்கிக்கொண்டு நார்த் டகோட்டாவுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பிரிட்டா, மேவ் என்று இரண்டு பெண்கள். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்கள் எல்லாம் அம்மாவோடு. கோடையில் ஐந்து வாரம் அப்பாவோடு. கிறிஸ்துமஸ் மட்டும் ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே.

போன கிறிஸ்துமஸ் அவன் முறை. மரம் வைத்து, விளக்குப் போட்டு, பரிசுப் பொட்டலங்களுக்கு ரிப்பன்கூடக் கட்டி முடித்திருந்தான். அன்றைக்குப் பார்த்துப் பனிப்புயல் வந்தது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். பொட்டலங்கள் தபாலில் போயின. மரத்தை அவன் பிரிக்கவே இல்லை. குளிர் விடும் வரைக்கும் தினமும் சாயங்காலம் விளக்கைப் போடுவான், எதிரே உட்கார்ந்திருப்பான், தூங்கப் போகும்போது அணைப்பான். சில நாள் அழுதான். பார்க்க யாரும் இல்லாத வீட்டில் அழுவதற்கென்ன வெட்கம்?

புது வருஷத்தன்று அரங்கில் நண்பர்கள் முன்னால் மூன்று சபதம் எடுத்தான். சிகரெட்டை விடுவது. தொப்பையைக் குறைப்பது. பிள்ளைகள் வரும் ஐந்து வாரத்துக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு முழு வருஷத்தைக் காட்டிவிடுவது. முதல் இரண்டும் ஜனவரியைத் தாண்டவில்லை. மூன்றாவதை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தான்.

இந்த ஜூலையில் பிள்ளைகள் வந்து சேர்ந்த பிறகுதான் கெண்ட்ராவின் போன் வந்தது.

"அடுத்த கோடையில பிரிட்டாவுக்குக் கைப்பந்து முகாம்ல இடம் கிடைச்சிருக்கு. அஞ்சு வாரம், அங்கயே தங்கணும்."

"எந்த அஞ்சு வாரம்?"

"உன்னோட அஞ்சு வாரம்தான், டேல்."

"வேணும்னே பண்றியா?"

"சத்தியமா இல்ல. அவளுக்கும் பதினொரு வயசு ஆச்சு. அவளே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன். சனிக்கிழமைக்குள்ள அவங்களுக்குச் சொல்லியாகணும்."

பிரிட்டா வராவிட்டால் சின்னவள் மேவும் வர மாட்டாள். அவ்வளவு தூரம் தனியாகப் பஸ்ஸில் வரும் வயசா அவளுக்கு? ஆக, அடுத்த ஜூலையில் வீடு காலி. சனிக்கிழமைக்குள் இந்த வீட்டைப் போல் ஒரு வீடு உலகத்திலேயே இல்லை என்று பெரியவளுக்குத் தோன்றிவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை அக்டோபர், வியாழக்கிழமை நவம்பர், சனிக்கிழமை டிசம்பர் என்று முடிவு செய்தான்.

பெயின்ட் அடித்த தர்பூசணியில் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி வாசல்படியில் வைத்தான். உள்ளே மெழுகுவத்தியை ஏற்றியதும் இரண்டு கண்களிலிருந்தும் சிவப்பாக வழிய ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு ஆர்லின் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். சாதாரணமாகப் பேசினாலே கடைசி சீட் வரைக்கும் கேட்கும். "யாரைடா வெட்டிப் போட்டே?"

"ஹாலோவீன், ஆர்லின். சாயங்காலம் பிள்ளைங்க பேய் வேஷம் போட்டுட்டு வந்து கதவைத் தட்டுவாங்க. நான் குடுத்தேனே மிட்டாய், அதை எடுத்து வெச்சுக்குங்க."

"அது எனக்கில்லையா?" என்றாள் ஆர்லின். அவள் முகம் போன போக்கிலேயே மிட்டாய் போன இடம் தெரிந்தது.

டேல் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இன்னைக்கு என்ன தெரியுமா?" என்று கையை விரித்தான்.

பிரிட்டா தர்பூசணியைப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்கிற குரலில், "அக்டோபரா?" என்றாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சே!"

"வேஷம் எங்கப்பா இருக்கு?" என்றாள் மேவ். "உள்ள ஸ்வெட்டர் போடணுமா, போட்ட மாதிரி நடிச்சாப் போதுமா?"

ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. இருவரும் போய் வேஷம் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். டேலுக்கு மார்பு விம்மியது. தன் மூளை அப்படியே பிள்ளைகளுக்கு வந்திருப்பதாக ஆர்லினிடம் சொன்னான். ஆர்லின் மறுத்துப் பேசவில்லை. வெயிலில் கறுப்பு அங்கியோடு வந்த சூனியக்காரிகள் இருவருக்கும் தோட்டத்திலிருந்து ஆளுக்கொரு கட்டு முள்ளங்கி கொடுத்து அனுப்பினாள்.

மறுநாள் காலையில் தர்பூசணியைக் குளவிகள் பிடித்துக்கொண்டன. வாசல் கதவைத் திறக்க முடியவில்லை. டேல் ஒரு போர்வையைப் போட்டு அதை மூடி, அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஓடி கராஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். வாசல் பிழைத்தது. கராஜ் குளவிகளுக்குச் சொந்தமானது.

வியாழக்கிழமைதான், நவம்பரில் வரும் நன்றித் திருநாள் விருந்துக்கு வாங்கிய வான்கோழி கராஜில் இருக்கும் ஃப்ரீசரில் உறங்குகிறது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

ஹாக்கி கோல்கீப்பரின் முகமூடி, நெஞ்சுக் கவசம், மெத்தைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனான். வான்கோழியோடு வெளியே வந்தான். கவசங்கள் முன்பக்கத்துக்குத்தான் இருந்தன. பின்பக்கத்தில் நாலு இடத்தில் வீங்கியிருந்தது.

"உக்காருப்பா," என்றாள் பிரிட்டா.

"உக்கார முடியாதுடி."

அவள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு வான்கோழியைக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள். கருங்கல்லைத் தட்டினதுபோல் சத்தம் வந்தது. "இது இளக ரெண்டு நாள் ஆகும். நவம்பரைத் தள்ளி வெச்சிடலாம்பா. ஒண்ணும் ஆகாது."

"தள்ளி வெச்சா டிசம்பர் இடிக்குமே?"

"ரெண்டையும் சேத்துச் செஞ்சுடலாம். முதல்ல விளக்கு, அப்புறம் சாப்பாடு. சாப்பாட்டை முதல்ல வெச்சா விளக்கை யாரும் பாக்க மாட்டாங்க."

எவ்வளவு அனுபவம் பேசுகிறது பாருங்கள்! இந்த வயசில் இவ்வளவு பொறுப்பா என்று டேலுக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் கலக்கமாகவும் இருந்தது. முகாமைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பயந்துகொண்டு விழுங்கிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் அரங்கின் பின்புறம் போனான். தளத்தைச் சீவி எடுத்த பனியை அங்கேதான் கொட்டுவார்கள். அதில் ஒரு பிக்கப் வண்டி நிறைய வாரிக்கொண்டு வந்து பின்முற்றத்தில் குவித்தான். வெள்ளையென்று சொல்ல முடியாது. தளத்தில் போட்ட நீலக்கோடும் சிவப்புக்கோடும் கலந்து, துணி அலசிய தண்ணீர் உறைந்தாற்போல் இருந்தது. இருந்தாலும் பனி பனிதான். மேவ் செருப்புக் காலோடு ஏறி நின்று, "பனி மனுசன் செய்யணும்னா சீக்கிரம் சொல்லுப்பா, உருகுது," என்றாள்.

கிறிஸ்துமஸ் மரமும் கராஜில்தான் இருந்தது. அதற்கு யார் போவது? துணி காயப்போடும் கம்பத்திலேயே விளக்குகளைச் சுற்றினான். உள்ளே குளிரவேண்டுமே என்று ஏசியைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டான். வான்கோழியைக் கரண்ட் அடுப்பில் வைத்தான். பிள்ளைகள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், எல்லாம் அவன் நினைத்தபடியே இருந்தது. மேவ் அவன் கையைப் பிடித்திருந்தாள். போன டிசம்பரில் வராத பிள்ளைகள் இதோ வந்துவிட்டார்கள் என்று அந்தக் கையை இறுக்கிக்கொண்டான்.

அடுத்த நிமிஷம் கரண்ட் போய்விட்டது. ஃபியூஸ் பெட்டி கராஜுக்குள் இருந்தது.

"நான் போகமாட்டேன்," என்றான் டேல். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

வான்கோழியை வெளியே கொண்டுபோய்க் கரியடுப்பில் வைத்து மூடினான். கொஞ்ச நேரம் சாதுவாகத்தான் வெந்தது. பிறகு கொழுப்பு உருகிக் கரியில் சொட்ட, மூடியின் இடுக்கெல்லாம் தீ எட்டிப் பார்த்தது. டேல் மூடியைத் திறந்தான். அது திறந்திருக்கக் கூடாத மூடி. பறவை முழுக்கப் பற்றிக்கொண்டது.

"தண்ணி ஊத்தாதப்பா!" என்று பிரிட்டா கத்தினாள்.

டேல் தண்ணீர் ஊற்றவில்லை. மண்வெட்டியால் பனியை வாரி அடித்தான். புஸ்ஸென்று கிளம்பிய தீயும் ஆவியும் வேலியைத் தாண்டி ஆர்லினின் மரத்தளவு எழும்பின. கம்பத்தில் சுற்றிய விளக்குச் சரம் கருகித் தொங்கியது.

"பிள்ளைங்க எங்க? பிள்ளைங்க எங்க?" என்று ஆர்லின் அலறுவது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அப்படியே தீயணைப்பு நிலையத்துக்கும் போன் போட்டுவிட்டாள்.

வந்தவர்கள் எல்லாம் டேலோடு ஹாக்கி பார்க்கிறவர்கள்தான். பெரிய குழாயைத் திறந்தார்கள். தீ அணைந்தது. வான்கோழி வேலியோரம் போய் விழுந்தது. பனிக்குவியல் இருந்த இடத்தில் நீலமும் சிவப்புமாக ஒரு குட்டை மட்டும் மிச்சம். அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"டேல், ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு இடம் இருக்கு. என்னன்னு எழுதட்டும்?"

"கிறிஸ்துமஸ்," என்றான் டேல்.

அவர் அவனையும் கம்பளிச் சட்டையில் நனைந்து நின்ற பிள்ளைகளையும் பார்த்தார். "கரி அடுப்புன்னு போட்டுக்கிறேன்," என்று சொல்லிவிட்டுக் குழாயைச் சுருட்டப் போனார்.

டேல் ஈரப் புல்லில் ஒருக்களித்து உட்கார்ந்தான். பிரிட்டா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, ஷூவின் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கோவிச்சுக்க மாட்டியே?"

"இல்லடா."

"அந்த முகாமுக்குப் போறேன்னு காலையிலேயே சொல்லிட்டேன்."

டேல் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தான். கண் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"இந்தத் தீயினாலயா?"

"இதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்பா."

"பின்ன நான் என்ன குறை வெச்சேன், சொல்லு? இன்னும் ஈஸ்டர் பாக்கி இருக்கு. முட்டை எல்லாம் வாங்கி வெச்சிருக்கேன். ஏப்ரலை நாளைக்கே நடத்திடலாம். உனக்குப் பிடிக்கலைன்னா மார்ச்சுலேருந்துகூட ஆரம்பிக்கலாம்!"

பிரிட்டா வாயைத் திறந்தாள். சொல்ல மனசு வராமல் மூடிக்கொண்டாள். அவளுக்கும் கண் நிறைந்து வழிந்தது. அவள் அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

நீலக் குட்டையில் கால் அலம்பிக்கொண்டிருந்த மேவ்தான் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இரண்டு பேரும் அழுகிறார்கள் என்பதுபோல் பார்த்தாள்.

"குறையெல்லாம் இல்லப்பா. அம்மாவுக்கு ஜூலை கிடைக்கலைன்னு அவங்க ஜனவரியில ஹீட்டரைப் போட்டு எங்களை நீச்சல் உடுப்புல உக்கார வெக்கிறாங்க, உனக்கு டிசம்பர் கிடைக்கலைன்னு நீ ஜூலையில கம்பளி போட்டு விடுற. அந்த முகாம்ல மட்டும்தான் என்னைக்கு என்ன தேதியோ அதுவே நடக்குமாம்."