அம்மா கேட்ட கற்பூரவல்லி

சாந்தோம்,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்பும் பாசமும் உள்ள வெரோனிகா அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் சோஃபியா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். மாடியில் இருக்கும் தொட்டிச் செடிகள் எங்களைவிடச் சுகம். நங்கநல்லூரில் நீங்களும், மாமாவும், மாமாவின் முழங்காலும் அப்படியே சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசினால் எனக்கு மட்டுமா கேட்கிறது, எங்கள் தெருவுக்கே கேட்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினாலோ, அப்பா என் போனை எடுத்து, "வெரோனிகா ஏதோ அனுப்பியிருக்கா" என்று முழுவதையும் சத்தமாகப் படிக்கிறார். இது அவர் காதில் விழக் கூடாத விஷயம்.

அம்மாவின் முதலாண்டுப் பூசைக்கு வரும்போது, "அண்ணன்கிட்ட உண்மையச் சொல்லிடறேன், கோயில்ல வெச்சு நாலு பேரு சிரிக்கக் கூடாது" என்றீர்களே, அத்தை, தயவுசெய்து சொல்லாதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நான் பார்த்தபடி ஒருமுறை எழுதுகிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் போன் போட்டு, "வரும்போது கற்பூரவல்லி கொண்டாங்க" என்றாள். அவள் கேட்டது மாடிச் செடியின் இலையை. கசக்கி முகர்ந்தால் நெஞ்சு லேசாகும் என்பாள். அப்பாவுக்குக் கற்பூரவல்லி என்றால் வாழைப்பழம். வெயிலில் லஸ் முனையிலிருந்து ஆழ்வார்பேட்டை வரை கடை கடையாக ஏறி இறங்கி, பூவனையும் ரஸ்தாளியையும் நீட்டியவர்களையெல்லாம் கோபித்துக்கொண்டு, கடைசியில் ஒரு சீப்பைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். அம்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு பழத்தை வாங்கி, மெல்ல மெல்ல, முழுவதையும் சாப்பிட்டாள். அவர் கை கழுவப் போன நேரத்தில் உங்களைப் போனில் கூப்பிட்டு, "இலை கேட்டா உங்கண்ணன் பழத்தோட நிக்கிறாரு வெரோனி" என்றாள். மறுநாள் நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அப்பா பால்காரர், பங்குச் சாமியார், முடிவெட்டுகிறவர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "கடைசியா ஒண்ணு கேட்டா. அத வாங்கிக் குடுத்துட்டேன்." இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காலையில் எழுந்திருக்கிறார், குளிக்கிறார், சாப்பிட உட்காருகிறார். அதைப் பிடுங்கிவிட்டால் அவர் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் இந்த ஒரு வருடமாக நான் படும் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மாடியில் அந்தச் செடி இருக்கிறது, அப்பா தினமும் காற்று வாங்கப் போகிறார், ஆனால் அதன் பெயர் மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது. நல்லவேளையாக அதற்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயரும் இருக்கிறது. வீட்டில் அதையே புழக்கத்தில் விட்டேன். ஆனால் கிள்ளக் கிள்ளத்தான் துளிர்க்கும் செடி அது, அம்மா போன துக்கத்தில் ஒரு மாதம் கிள்ளாமல் விட்டேன், கிளைகள் நெட்டையாக ஓடி, பாரம் தாங்காமல் முறிந்து, விழுந்த இடத்திலெல்லாம் வேர்விட்டு, தூதுவளைத் தொட்டிக்குள் புகுந்து, புதினாவை மூலைக்குத் தள்ளிவிட்டது, சரி, பறித்துப் பத்திரப்படுத்துவோம் என்று, துளசியை அம்மா செய்வதுபோல நிழலில் காயவைத்துப் பாட்டிலில் அடைத்தேன், அது நன்றாக வந்ததே என்ற தைரியத்தில் இதையும் அடைத்தேன், இது சதைப்பிடிப்பான இலை, உள்ளே தண்ணீர் நிற்கும் என்று அறிவு இருந்தால்தானே, திறந்தபோது பாட்டிலுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை முளைத்திருந்தது, பிறகு இணையத்தில் எவரோ சொன்னார் என்று அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தேன், அப்பா அதை எடுத்து எலுமிச்சை ஜூஸில் போட்டுக் குடித்துவிட்டு, "இன்னிக்கு ஜூஸ்ல எதுக்கும்மா தைலம் ஊத்தின?" என்று கேட்டார், பஜ்ஜி போட்டேன், தட்டு காலியாகும்வரை சாப்பிட்டுவிட்டு, "இது என்ன இலை?" என்றார், "ஓமவல்லிப்பா" என்றேன், "பேரு நல்லாருக்கே" என்றார், எனக்கு எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றபடியே வேர்த்துவிட்டது.

போன வாரம் எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். பட்டினப்பாக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அன்புச்செல்வி அக்கா, கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சார், மாடில கற்பூரவல்லி கீதாமே, நாலு குடு சார், கொயந்தைக்கு சளி கட்டிக்கினு கீது" என்றார். நான் குளியலறையில். அப்பா உள்ளே போய் நான்கு வாழைப்பழம் எடுத்துவந்து கொடுத்தார்.

"இன்னா சார், சளிக்கு வாயப்பயம் குட்த்தா கொயந்த இன்னாத்துக்கு ஆவுறது? நா எலைய கேட்டேன் சார்."

"இலை போட்டுச் சாப்பிட வீட்ல விருந்தாம்மா?"

"அய்ய, வெளையாடாத சார்!"

ஈரத் தலையோடு ஓடிவந்து, "அக்கா, வஞ்சிரம் இருக்கா?" என்று கத்தினேன். அன்று எங்களுக்குத் தேவையே இல்லாத வஞ்சிரம் அது.

இப்போது அப்பா, பூசை முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கற்பூரவல்லிப் பழம் கொடுப்பதாக இருக்கிறார். கொடுக்கட்டும், அத்தை. யாராவது சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். நீங்களும் ஒன்றை வாங்கி, அவர் பார்க்கும்படி, முழுவதும் சாப்பிடுங்கள். அம்மா சாப்பிட்டாளே.

மாமாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஜெபமாலையில் எங்கள் இருவரையும், இடமிருந்தால் அந்தப் புதினாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சோஃபியா.

பி.கு.: உறையை ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து, "வெரோனிகாவுக்கா? இரு" என்று மாடிக்குப் போனார். ஈரத்துணியில் சுற்றி இரண்டு கிளைகள் கொண்டுவந்தார். "வெரோனிகா வர்றப்ப எடுத்துட்டுப் போகச் சொல்லி எழுது. கற்பூரவல்லி."

"ஓமவல்லிப்பா" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. உனக்குத் தெரியாது."

உறையைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார்: "பழத்தப் பாத்து உங்கம்மா சிரிச்சாளே, அப்பவே புரிஞ்சுபோச்சு. நீ மருந்து வாங்கப் போனப்ப, ஓடிப்போய் இலை பறிச்சிட்டு வரேன்னேன். நாளைக்கு வர்றப்ப கொண்டாங்கன்னா. கொண்டுதான் போனேன்." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

"அப்புறம் ஏம்ப்பா எல்லார்கிட்டயும் பழம்னு சொல்றீங்க?"

"அதச் சொன்னா யாரும் மேல எதும் கேக்கறதில்லடா. நீயும் ஓமவல்லி, ஓமவல்லின்னு சொல்லிட்டிருந்தியா, அம்மா கேட்டது இலைன்னு புள்ளைக்காவது தெரியாம இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

மறுபடியும் மேலே போய்விட்டார். அத்தை, மேலே எழுதியதில் ஒன்றையும் பொருட்படுத்தாதீர்கள். பூசைவரை காத்திருக்க வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே வாருங்கள். அவர் போய் வெகுநேரம் ஆகிறது. தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.