நாமானந்தரின் ஏலக்காய்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விலை ஏறினால் ஒரு கூட்டம் கூடும், இறங்கினால் இரண்டு கூட்டம் கூடும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நெரிந்த கூட்டத்துக்கும் விலைக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் தங்கள் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், பழுது பார்க்க.

வாசலில் ஆளுயர பிளக்ஸ். "பெயர்ப் பிரசன்னப் பேரொளி ஸ்ரீலஸ்ரீ நாமானந்தர். வேலை கிடைக்கவில்லையா? குறை உங்களிடம் இல்லை, உங்கள் பெயரில்!" படத்தில் அவர் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் சுழன்றது. அது பிளக்ஸ் கடைக்காரரின் அன்பளிப்பு.

வந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பி.காம்., பி.எஸ்சி., பொறியியல். இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்த ஒருவர்கூட இருந்தார். பொட்டிபுரம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் கட்டுவார்கள், அதில் வேலை கிடைக்கும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தவர். மலையை யாரும் குடையவில்லை. அவர் காதைக் குடைந்தபடி டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தார்.

நாமானந்தரின் வித்தை இதுதான். உங்கள் பெயரைச் சீட்டில் எழுதி, ஓர் ஏலக்காயில் சுற்றி, நூல் கட்டி, பித்தளை உருளித் தண்ணீரில் போடுவார். காய் மிதந்தால் பெயருக்குக் கனமில்லை. கனமில்லாத பெயரை எந்தக் கம்பெனியும் பிடித்து வைக்காது. அப்புறம் கண்ணை மூடி, புதுப் பெயர் ஒன்றைச் சொல்வார். அதை எழுதிக் கட்டிப் போட்டால் காய் முங்கிவிடும். முங்கினால் உத்தியோகம். ஊருக்கே சோறு போடுகிற காய் பொய் சொல்லுமா என்பது ஜனங்களின் வாதம். காய் பொய் சொல்லாது, வாஸ்தவம். காய்க்கு வாய் இல்லை.

போன மாதம் இங்கே வந்த செல்லக்கிளி, ஷ்ரேயாவாகத் திரும்பிப் போனாள். வேலை இன்னும் வரவில்லை. கேட்டால், "பேரு ஒடம்புல ஊற நாளாகும்" என்று பதில் வந்தது. அவள் அம்மா மட்டும் "அடியே செல்லக்கிளி, ஷ்ரேயாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

செல்லக்கிளியின் சிநேகிதி இருளம்மாள். இந்தக் கதை அவளுடையது.

இருளம்மாள் பி.காம். டைப்பிங்கில் சான்றிதழ் உண்டு, கணக்கு மென்பொருள் அத்துப்படி. விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் "இடம் நிரம்பிருச்சும்மா" என்றார்கள். வேறு வழியில்லாமல், அப்பா மலைச்சாமி ஓட்டும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் காய் எடுக்கப் போய்வந்தாள். கூலி வேலை கேவலமில்லை. ஆனால் படித்த மகள் தன் ஜீப்பின் பின்சீட்டில் கூடையோடு உட்கார்ந்திருப்பதை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கண்ணாடியில் பார்த்த மலைச்சாமிக்கு நெஞ்சு வலித்தது.

கடைசியாக அவள் விண்ணப்பித்தது போடியின் பெரிய ஏலக்காய் கம்பெனி ஒன்றில். மேனேஜர் அருள்பாண்டி அவள் பெயரைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார், ஒரு விசிட்டிங் கார்டை நீட்டினார்.

"ஆளு நல்ல ஆளுதாம்மா. பேருதான் இடிக்குது. இவரப் போயிப் பாத்துட்டு வா."

கார்டில் நாமானந்தர் சிரித்தார்.

மலைச்சாமி கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆத்தா, ஒரு தடவ போய்ட்டு வந்துருவோம்."

"எதுக்குப்பா? பேர மாத்துனா நான் டைப் அடிக்கிற வேகம் கூடிருமா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நீ கூடையத் தூக்கிட்டு ஜீப்புல ஏறுறது எனக்குப் பொறுக்கல. அம்புட்டுத்தேன்."

அந்தக் குரல் அவளை ஏதோ செய்தது. "சரி, வர்றேன். ஆனா அங்க நான் ஒரு சோலி பாப்பேன். கையப் புடிச்சு இழுக்கக்கூடாது" என்றாள்.

மண்டபத்தின் முன்வரிசைச் சோபாவில் அந்தக் கம்பெனியின் முதலாளி ஈஸ்வரன் அமர்ந்திருந்தார். மதுரையில் புதுக்கடை திறக்கப் போகிறார்; கடையின் பெயர் முங்குமா மிதக்குமா என்று பார்க்க வந்தவர். பக்கத்தில் கைகட்டி அருள்பாண்டி.

டோக்கன் நகர்ந்து இருளம்மாளின் முறை வந்தது. நாமானந்தர் சீட்டைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இருளம்மாள். பேருலயே இருட்டு. நீ இன்டர்வியூ ரூமுக்குள்ள போகுமுன்ன உம்பேரு போயி லைட்ட அணைச்சிருதும்மா."

கூட்டம் சிரித்தது. மலைச்சாமி தலைகுனிந்தார். அவர் பிள்ளைக்கு ஆசையாய் வைத்த குலசாமி பெயர் அது.

இடப்பக்கப் பையிலிருந்து ஒரு காய் வந்தது. சீட்டைச் சுற்றிப் போட்டார். மிதந்தது. கண்ணை மூடினார், தலையை ஆட்டினார், "சுசித்ரா" என்றார். வலப்பக்கப் பையிலிருந்து ஒரு காய். போட்டார். முங்கியது. மண்டபம் கைதட்டியது. மலைச்சாமியின் கை தட்சணைக்காகச் சட்டைப் பைக்குள் போனது.

"சாமி, இன்னும் ஒரே ஒரு தடவ" என்றாள் இருளம்மாள். "ரெண்டு சீட்டு நானே எழுதி மடிச்சுத் தர்றேன். ஒண்ணு மிதக்கணும், ஒண்ணு முங்கணும். எதுல எந்தப் பேருன்னு மட்டும் சொல்லமாட்டேன். காய்க்குத்தான் எல்லாம் தெரியுமே."

நாமானந்தரின் முகத்தில் ஒளிவட்டம் லேசாக மங்கியது. "சந்தேகம் இருக்குற எடத்துல சக்தி எறங்காதும்மா."

அவருக்குச் சனி வேறெங்கிருந்தும் வரவில்லை, முன்வரிசைச் சோபாவிலிருந்து வந்தது. "அட, இதுல என்ன இருக்கு?" என்றார் ஈஸ்வரன், வெள்ளை மனதோடு. "ஏலத்துல தெனமும் இப்பிடித்தான நடக்குது. மாதிரிக் காய் தட்டுல லாட் நம்பரோடதான் வருது. எந்தத் தோட்டம், யாரு காய்னு யாரு பாக்குறா? காயத் தொட்டுப் பாத்து வெலை சொல்றோம். வெரசாப் போடுங்க சாமி, எனக்கும் பாக்கணும்."

போடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பறிப்பவர், காய வைப்பவர், தரம் பிரிப்பவர், லோடு ஏற்றுபவர் எல்லோரும் "ஆமா, போடுங்க" என்றார்கள். பெரிய பக்தரே கேட்ட பிறகு நாமானந்தர் என்ன செய்வார்? ஒரு சீட்டுக்கு இடப்பக்கக் காய், மறு சீட்டுக்கு வலப்பக்கக் காய். கட்டினார், போட்டார். ஒன்று மிதந்தது, ஒன்று முங்கியது. "பாத்தீங்களா?" என்று நிமிர்ந்தார்.

"முதலாளி, நீங்களே பிரிச்சுப் படிங்க" என்றாள் இருளம்மாள்.

ஈஸ்வரன் மிதந்த சீட்டைப் பிரித்தார். "நாமானந்தர்னு எழுதியிருக்கு." முங்கிய சீட்டைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "இதுலயும் நாமானந்தர்தான்."

கடைசி வரிசையில் யாரோ, "சாமி ஒரே நேரத்துல மிதக்குறாரு, முங்குறாரு" என்றதும் சிரிப்பு கிளம்பியது.

ஈஸ்வரனுக்குக் கையில் ஏலக்காய் கிடைத்தால் சும்மா இருக்க முடியாது. பழக்கதோஷத்தில் முங்கிய காயை நகத்தால் பிளந்தார். உள்ளே விதை இல்லை. சைக்கிள் சக்கரத்தில் போடும் குட்டி இரும்புக் குண்டு ஒன்று உள்ளங்கையில் உருண்டது. வலப்பக்கப் பையைக் கவிழ்த்துப் பிளந்தால், காய்க்குக் காய் குண்டு. சாமியார் ஏமாற்றியதைக்கூட அவர் தாங்கியிருப்பார்.

"ஏலக்காய்லயா கலப்படம் பண்ணுன?" என்று அலறினார்.

ஆனால் பேரொளி அத்தனை சீக்கிரம் அணையாது. நாமானந்தர் எழுந்து நின்றார். "காய விடுங்கப்பா. இந்தப் பொண்ணுக்கு ஏன் வேல கிடைக்கல? அதச் சொல்லச் சொல்லுங்க."

கூட்டம் தயங்கியது. நியாயமான கேள்விதானே.

"அதையும் சோதிச்சுட்டேன்" என்றாள் இருளம்மாள். "இந்த முதலாளி கம்பெனிக்கு ரெண்டு விண்ணப்பம் போட்டேன். அதே படிப்பு, அதே மார்க்கு. ஒண்ணுல இருளம்மாள், எந் நம்பரு. இன்னொண்ணுல எம்பேரு மட்டும் சுசித்ரா, நம்பரு செல்லக்கிளியோடது. இருளம்மாளுக்கு மேனேஜர் கார்டு குடுத்தாரு. சுசித்ராவுக்குப் போன் போட்டு, 'சர்டிபிகேட்டக் கொண்டாங்க மேடம், எப்ப சேருறீங்க'ன்னு கேட்டாரு. நேத்து, 'சுசித்ரான்னு வச்சா எனக்குப் பொருந்தும்'னு நான்தான் சாமி காதுல விழுற மாதிரி மண்டப வாசல்ல பேசிட்டுப் போனேன். அவரும் கண்ண மூடிக் கண்டுபிடிச்சுட்டாரு."

நாமானந்தர் துள்ளினார். "கேட்டீங்களா? சுசித்ரான்னதும் வேல வந்துருச்சு. நாஞ் சொன்னது பலிச்சதா இல்லையா?"

என்ன அநியாயம் பாருங்கள், பாதிக் கூட்டம் மறுபடியும் தலையாட்டியது. எம்.எஸ்சி. இயற்பியல் முதல் ஆளாக ஆட்டினார்.

"பலிச்சது யாரால சாமி?" என்றாள் அவள். "எந்தக் கிரகம் போன் பண்ணுச்சு? போன் பண்ணது அருள்பாண்டி சார். இந்தா நிக்கிறாரு, கேளுங்க. ஒரே மார்க்கு, ஒரு பேருக்கு வேல, ஒரு பேருக்குக் கார்டு. ஏன் சார்?"

அருள்பாண்டிக்கு வியர்த்தது. "அது வந்து... பேரப் பாத்தா ஊர்ல எந்தப் பக்கம், என்ன ஆளுகன்னு தெரிஞ்சுருதுல்ல. ஆபீசுக்கு நாலு பேரு வந்து போற எடம்..." முதலாளியின் பார்வை சுட்டது. அருள்பாண்டியின் வாயில் உண்மை தானாகவே வந்து விழுந்தது. "நீங்கதான முதலாளி சொன்னீக, நம்ம ஆளுக மாதிரி பேரா பாத்து எடுன்னு."

இப்போது யாரும் நாமானந்தரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் சோபாவைப் பார்த்தன. ஈஸ்வரனின் கையில் அந்த இரும்புக் குண்டு இன்னும் இருந்தது.

"தட்டுல நம்பரு வந்தா காயத் தொட்டுப் பாக்குறீக" என்றாள் இருளம்மாள். "மனுசன் வந்தா மட்டும் எந்தத் தோட்டம்னு கேக்குறீக. நான் பறிச்ச காய் உங்க குடோனுக்குள்ள வரலாம். நான் வரக்கூடாதா?"

ஈஸ்வரன் அந்தக் குண்டைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, "நாளைக்கே வந்து சேரும்மா" என்றார், சபையில் மானம் போகாமல் இருக்க.

மலைச்சாமி கையெடுத்துக் கும்பிடப் போனார். மகள் அவர் கையைப் பிடித்து இறக்கினாள்.

"இப்பச் சேர்ந்தா, சத்தம் போட்டதுக்காகக் குடுத்ததா ஆயிரும். நீங்க ஓரங்கட்டுன அத்தன பேரையும் கூப்பிடுங்க. பேர எடுத்துட்டு நம்பரக் குடுத்துப் பரீட்சை வைங்க. அதுல நான் தேறுனா வர்றேன். இல்லன்னா அப்பா ஜீப்பு இருக்கு."

கைக்கு எட்டிய வேலையை இந்தப் பிள்ளை தட்டிவிடுகிறதே என்று மலைச்சாமி தவித்தார். ஆனால் வாக்குக் கொடுத்திருந்தார், கையைப் பிடித்து இழுக்கவில்லை.

பரீட்சை நடந்தது. ஊரே பார்த்துவிட்ட பிறகு நடத்தாமல் இருக்க முடியுமா? இருளம்மாள் முதலாவதாக வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூன்றாவதாக வந்தாள். எடுத்தது நாலு பேரை. முதலாவதாக வந்தது செல்லக்கிளி. அவள் ஷ்ரேயாவைத் தலைமுழுகிவிட்டாள். விசிட்டிங் கார்டுக்குக் கமிஷன் வாங்கியது தெரிந்துபோய் அருள்பாண்டி வேறு வேலை தேடுகிறார். எங்கே போனாலும் பெயரைக் கேட்டுவிட்டு, "ஓ, அந்த அருள்பாண்டியா?" என்கிறார்களாம்.

நாமானந்தர்? ஊரார் பிடித்துக் கொடுத்ததும், பெற்றோர் வைத்த பெயர் மொக்கச்சாமி என்று போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். மலையேறி, எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெயரில், இன்னொரு பிளக்ஸில், மலையாளத்தில் சிரிக்கிறார் என்று கேள்வி. பெயரை மாற்றினால் பிழைப்பு வரும் என்பது அந்த ஒரு மனிதர் விஷயத்தில் மட்டும் உண்மை.

அவரைப் பார்த்துச் சிரித்தாயிற்றா? சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். புதிதாக ஒருவர் எதிரே வந்து பெயர் சொன்னதும், "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" என்று உங்கள் நாக்கு நீளுமே, அப்போது ஓர் உருளியில் தண்ணீர் பிடித்து வையுங்கள். அவர் பெயரைப் போடாதீர்கள், உங்கள் தலையைப் போட்டுப் பாருங்கள். மிதந்தால், உள்ளே ஒன்றும் இல்லை.